மண்ணெண்ணெயும் டர்போக் காரும்

1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகிய காலத்தே, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டு வழியாகச் சென்ற வாகனங்கள் பல மண்ணெண்ணெயிலேயே ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் இட்டு இயந்திரத்தைச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய் செலுத்தப்பட்டது. அவ்வெண்ணெயோ, அழுத்தம் மிகின், தீப்பொறியின் சுவாலை வந்து சேருமுன் தானே வெடிக்கும் இயல்பினது. அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே அதனைப் பொறுத்தன; உதிரிப்பாகங்களும் கிடையாத அந்நாளில் அப்பொறுமையின் அருமை சொல்லுந்தரமன்று.

டர்போப் பூட்டிய காருக்கு நேரும் இடரும் அதுவே. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி 1905இற் காப்புரிமை பெற்ற இம்முறையில், வெளியேறும் புகையே சுழலியை இயக்கிக் காற்றை உள்ளே திணிக்கின்றது. வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான அழுத்தம் மேலும் ஏற்றப்பட்டு, காற்றின் வெப்பமும் தணிக்கப்படின், உட்புகும் காற்றின் நிறை ஏறத்தாழ இருமடங்காகும். பெற்றோலின் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கென்பது கணக்கு. ஆதலின் எரிபொருளும் உடன் மிகுதல் வேண்டும். பெருஞ்சுமையிற் காற்றை 12 பங்களவிற்குக் குறைத்துக் கலவையைச் செறிவாக்குதலும், தீப்பொறியைச் சற்றே தாமதித்தலும் வழக்கமாம்.

இவற்றை ஆளும் கணினி, தொழிற்சாலையில் எழுதப்பட்ட அட்டவணையையே அறியும். அழுத்தத்தை உயர்த்தி அட்டவணையை மாற்றாது விடுவோர் உருகிய பிஸ்ரனைக் காணவும் நேரும். பழைய இயந்திரத்தின் தட்டொலியைச் செவியால் அறிந்து தீப்பொறி நேரத்தைக் கையாலே திருத்தலாம். புதியதில் அவ்வொலியைக் கேட்க உணரியொன்று உண்டெனினும், அது செய்யும் திருத்தத்துக்கும் எல்லையுண்டு.