ஒரே இடம், பன்னிரண்டு படங்கள்

ஆந்திராவில் தோன்றும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்று சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நீரோடும் அதே ஆறு, கோடையில் பெரும்பாலும் மணற்பரப்பாகிவிடும். பருவகால மாற்றத்தைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த துணைக்கருவி வேண்டுமா?

கைப்பேசி கேமராவே போதும். கரையில் பாதுகாப்பான ஓரிடத்தை மாணவர்களோடு சென்று தேர்ந்தெடுங்கள். பாலமோ பனைமரமோ படத்தில் அடையாளமாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே திசையில், அதே காலை நேரத்தில் படமெடுக்க வேண்டும். காலைச் சாய்வெயிலில் மணலின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். கேமராவில் காட்சியை நெருக்கிக் காட்டும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. இடமும் கோணமும் மாறாதபோதுதான், மாறியது ஆறு என்று உறுதியாகச் சொல்ல முடியும். அறிவியல் சோதனையின் அடிப்படையும் இதுவே.

வெள்ள நாள்களில் கரைக்குச் செல்ல வேண்டாம். நீர் வடிந்தபின் எடுத்து, தேதியைக் குறித்தால் போதும்.

பன்னிரண்டு படங்களையும் வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். நீர்மட்டம், கரைச்செடிகள், பறவைகள், குப்பை ஆகியவற்றை மாணவர்களே ஒப்பிட்டு எழுதட்டும். தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவரும் நம் வட்டாரத்தில், சில ஆண்டுகள் தொடர்ந்தால் அப்படங்களே ஆற்றின் வரலாற்று ஆவணமாகும்.