பிரஷரும் பிறந்த எடையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது வயது நெசவாளருக்கு பிரஷர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, கூலிக் கவலை, சோற்றுக்கு ஊறுகாய் என்று காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. டாக்டரும் "அப்பாவுக்கு இருந்ததா?" என்று கேட்பார். "பிறந்தப்போ எத்தனை கிலோ?" என்று கேட்பது அபூர்வம். கேட்டாலும், வீட்டில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து வேலூரில் சிலருக்குத் தெரியும். 1969 முதல் 1973 வரை அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள் எடைபோட்டுக் குறித்துவைத்தார்கள். அந்தக் குழந்தைகள் முப்பதை நெருங்கும்போது 2,000 பேருக்கு மேல் தேடிப்பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். பிறப்பும் பிற்கால நோயும் எங்கே தொடுகின்றன என்று பார்க்க இப்படிப்பட்ட பதிவேடுதான் வேண்டும்.

தொடும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம். கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு அவை உருவாவது முடிகிறது. பிறகு ஒன்றுகூடக் கூடாது. பாவைத் தறியில் ஏற்றியபின் இழை சேர்க்க முடியாதல்லவா, அதுபோல. வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு எண்ணிக்கை குறைவாக அமையலாம். இருப்பவை கூடுதலாக உழைக்க வேண்டும், உப்பை வெளியேற்றத் திணறும், அழுத்தம் ஏறும். இது பிரென்னர் என்ற அமெரிக்க மருத்துவர் 1988-ல் முன்வைத்த கருத்து. விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஜெர்மனியில் எண்ணிப் பார்த்தபோது, ரத்தக்கொதிப்பு இருந்த 10 பேருக்குச் சுமார் 7 லட்சம், இல்லாத 10 பேருக்குச் சுமார் 14 லட்சம். 2003-ல் வெளியான முடிவு இது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் இரண்டு மடங்கு.

உடனே மாமியார்கள் மருமகளை முறைக்க வேண்டாம். தாயின் ரத்தசோகை, அவள் சிறுமியாக இருந்தபோது கிடைத்த சாப்பாடு எல்லாமே குழந்தையின் எடையில் சேரும். தவிர, பிறப்பின் பங்கு பெரிதல்ல: ஒரு கிலோ குறைந்தால் பிற்கால அழுத்தம் ஓரிரு புள்ளிகள் கூடலாம், பெரிய ஆய்வுகளில் அதைவிடவும் குறைவு. இந்தியா (டெல்லி) உட்பட ஐந்து நாடுகளின் பதிவுகளைச் சேர்த்து 2013-ல் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. முதல் இரண்டு வயதுக்குள் நன்றாக வளர்வது உயரத்துக்கும் படிப்புக்கும் நல்லது. குழந்தைப் பருவத்தின் நடுப்பகுதிக்கு மேல் மளமளவென்று எடை ஏறுவதுதான் பிரஷரில் கொண்டுபோய் விடுகிறது. ஒல்லிப் பையன் 'பூசினாற்போல்' ஆனதும் நாம் மகிழ்கிறோமே, அந்த வயது.

இன்று தாய் சேய் அட்டையில் எடை எழுதித் தருகிறார்கள். பள்ளியில் சேர்த்ததும் அது தொலைந்துவிடுகிறது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தவர் அதைப் பத்திரப்படுத்தி டாக்டரிடம் காட்டலாம். இருபதுகளிலேயே பிரஷர் பார்த்துக்கொள்ளத் தொடங்கலாம்.