எல்லைக் கோடும் ஏழையின் மனுவும்

ஓர் ஊரின் நிர்வாக வரலாறு என்றால், அது கச்சேரிக் காகிதங்களின் கதை என்று நம் அங்கத்தினர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அக்காகிதம் ஓர் ஊரை வாழவும் வைக்கும், வீழவும் வைக்கும் என்பதற்கு இங்கிலாந்து தேசத்து டர்ஹாம் ஜில்லா சான்றாகும்.

அங்கே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி எழுந்த கிராமங்கள் பல. தொழிலாளி குடியிருந்த வீடும் பெரும்பாலும் கம்பெனியாருடையதே. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம சபைகள் ஏற்பட்டன. 1947 ஜனவரி முதல் நாள் சுரங்கங்கள் தேசவுடைமையாயின. ஆயினும், 1951-இல் ஜில்லா சபையார் தம் ஊர்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்து, சுரங்கம் வற்றிய நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களை 'டி' வகுப்பில் சேர்த்தனர். அவ்வூர்களில் புதிய வீடுகளுக்கு இடமில்லை, பொதுப்பணமும் செலவிடப்படமாட்டாது. ஊர் தானே அழியட்டும் என்பதே அதன் பொருள். மக்கள் சளைக்காமல் எதிர்த்தனர். 1977-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சில தெருக்கள் இடிபட்டுப் போயின. பல ஊர்கள் பிழைத்தன.

இனி நமது உத்தமபாளையத்தை நோக்குவோம். மதுரை ஜில்லாவில் இருந்த காலத்தில், கலெக்டரைக் காண விரும்பிய குடியானவர் 60 மைலுக்கு மேல் செல்ல வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. 1996-இல் தேனி ஜில்லா அறிவிக்கப்பட்டு, 1997 முதல் இயங்கலாயிற்று. தலைநகர் சுமார் 20 மைலில் அமைந்தது. உத்தமபாளையமும் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று.

கிராமத்திலும் மாறுதல் நேர்ந்தது. வழிவழியாக வந்த முன்சீப், கர்ணம் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. அவர்கள் இடத்திற்குப் பரீட்சையில் தேறிய கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்கு இடமளித்தது.

அலுவலகம் அருகில் வந்தால் மட்டும் போதுமா? டர்ஹாம் மக்களைக் காத்தது தூரக் குறைவன்று. தம் ஊரைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்தறிந்து, ஒன்றுகூடி மறுத்துரைத்த துணிவேயாகும். தறியை விட்டும் ஏரை விட்டும் ஒரு பொழுது எழுந்து, கிராம சபையில் அமர்ந்து, தீர்மானத்தைப் படிக்கக் கேட்ட பின்னரே கையெழுத்திடுமாறு நம் அங்கத்தினரை வேண்டுகிறோம்.