கர்ப்பக் காலத்தில் இரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரையா, ஊசியா?

பீடோங் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இரண்டு, மூன்று முறை கரு கலைந்த பெண்ணைப் பார்த்து "தோஷம்", "கண்ணூறு" என்று பேசுவது இன்னும் ஓயவில்லை. ஆனால் சிலருக்குக் காரணம் இரத்தத்தில்தான் இருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு.

அந்நோயின் பெயர் ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்குறி. 1983-இல் லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் இதை விளக்கினார். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடலுக்கு எதிராகவே திரும்புவதால் இரத்தம் எளிதில் கட்டிக்கொள்கிறது. காலில் கட்டினால் வீக்கமும் வலியும் வரும். நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டால் கரு கலையலாம். லூபஸ் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், இல்லாதவர்களுக்கும் வரலாம். ஒரே இரத்தப் பரிசோதனையில் இதை உறுதி செய்ய முடியாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.

எந்த மருந்து?

முன்பே இரத்தக்கட்டு வந்தவர்கள் பெரும்பாலும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவார்கள். இது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்விடும். 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தையின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். பிறகும் குழந்தைக்கு இரத்தக் கசிவு வரலாம். ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகளும் கர்ப்பிணிகளுக்கு ஏற்றவை அல்ல.

ஹெப்பரின் ஊசி மருந்து குழந்தையிடம் போகாது. அதனால்தான் மருத்துவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனோக்சாபரின் என்ற வகையைத் தாதி சொல்லிக் கொடுத்தபின் வீட்டிலேயே வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்ளலாம். போட்ட இடம் கன்றிப் போவது வழக்கம்தான். கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். 1997-இல் லண்டனில் இப்படி அடிக்கடி கரு கலைந்த 90 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். ஹெப்பரினும் சேர்த்து எடுத்தவர்களில் அது 71 விழுக்காடு.

எனோக்சாபரின் பன்றிக் குடலிலிருந்து தயாராகிறது. சைவ உணவுக்காரர்களுக்குத் தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடலாம். ஃபோன்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்து பொருந்துமா என்று அவர் பார்ப்பார். சொல்லாமல் ஊசியை நிறுத்துவதுதான் ஆபத்து.

காலம் முக்கியம்

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரத்தில் ஆறாவது வாரம் வந்துவிடும். ஆகவே வார்ஃபரின் எடுப்பவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும். தள்ளிப்போனால் உடனே பரிசோதித்து, அன்றே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். அங்கிருந்து சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை போன்ற நிபுணர்கள் உள்ள இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இடைவெளி விழுந்தால் இரத்தம் கட்டலாம்.

பிரசவ வலி தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடைசி ஊசி போட்ட நேரத்தைச் சொல்லுங்கள். முதுகில் மயக்க ஊசி போடலாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இரத்தக்கட்டு ஆபத்து அதிகம் என்பதால் மருந்து தொடரும். ஹெப்பரின், வார்ஃபரின் இரண்டிலுமே தாய்ப்பால் கொடுக்கலாம்.

திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண் வீட்டில் இருந்தால், குறை சொல்லும் முன் இந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். கிளினிக்கிற்குத் துணைக்குப் போங்கள்.