கார் வாங்குமுன் எதைப் பார்ப்பது?

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் வாங்க பினாங்குக்கு வருவோர் பலர், முதலில் வண்ணத்தையும் வானொலியையும் பார்க்கின்றனர். உயிர் காப்பவற்றையல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

முதலாவது, பிரேக். பாலிக் புலாவ் மலைச்சாலையின் வளைவுகளில், மழை நேரத்தில் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, டயர். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தேயாதிருந்தாலும் பழைய ரப்பர் இறுகி வெடிக்கும்.

மூன்றாவது, இருக்கை வார். மலேசியாவில் 2009 முதல் பின்னிருக்கையிலும் அதை அணிவது சட்டம். பிள்ளைகளின் இடத்தில் வார் பூட்டுகிறதா என இழுத்துப் பாருங்கள்.

பிறகே பெட்ரோல் செலவும் உதிரிப் பாகமும், வண்ணம் கடைசி. விலை பேசுமுன், தெரிந்த பட்டறைக்காரரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.