மட்கார்டில் ஒளிந்திருந்த ஜாக்கி

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழம்பொருள் சந்தைக்குப் போனால், துருப்பிடித்த இரும்புச் சாமான்களைக் குவித்து வைத்திருப்பார்கள். சுங்கை சிப்புட், கம்பார் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளின் பின்கட்டிலும் இப்படி ஒரு குவியல் கிடக்கும். அதில் நீண்ட லாடம் போல வளைந்த ஓர் இரும்புக் குழாயை நீங்கள் பார்க்கலாம். இரண்டு முனைகளும் தட்டையாக அடிக்கப்பட்டு, ஆளுக்கொரு துளை இருக்கும். வளைவின் அருகே இன்னும் சில துளைகள்.

இது என்ன? வாளிப் பிடியா? சைக்கிள் ஸ்டாண்டா? பெயர் தெரியாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போய்விடும். அதற்கு முன், ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் பாடத்தில் படித்ததே இதை அடையாளம் காணப் போதும்.

முதலில் முனைகளைப் பாருங்கள். வாளிப் பிடியின் முனை கொக்கி போல வளைந்திருக்கும். இதில் இருப்பது போல்ட் நுழையும் துளை. அந்தத் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால், இரும்பு அந்த இடத்தில் பலமுறை சுழன்றிருக்கிறது என்று பொருள்.

அடுத்து அகலம். பழைய சைக்கிளின் பின் ஸ்டாண்டும் ஏறக்குறைய இதே நீளம்தான். ஆனால் அது சுமார் 12 செ.மீ. அகலமுள்ள பின்சக்கர அச்சில் மாட்டுவது. கால்கள் கீழே விரிந்து போகும். நம் கையில் இருப்பது அதைவிட அகலமாக, ஒரு மோட்டார் டயரைத் தாராளமாகச் சுற்றி நிற்கும் அளவில் இருந்தால், சந்தேகம் ஒரே பக்கம் திரும்புகிறது.

ஆம், இது மோட்டார் சைக்கிளின் முன் ஸ்டாண்ட். 1950களில் வந்த டிரையம்ப், பிஎஸ்ஏ போன்ற பிரிட்டிஷ் மோட்டார்கள் பலவற்றில், முன் மட்கார்டைத் தாங்கும் கம்பிகளில் ஒன்றே இந்த வேலையையும் செய்தது. வண்டி ஓடும்போது அது மட்கார்டின் தாங்கி. நடுவழியில் முன் டயர் பஞ்சரானால், மட்கார்டோடு பிணைத்த போல்ட்டைக் கழற்றிக் கம்பியைக் கீழே சுழற்றுவார்கள். அது வண்டியின் கால் ஆகிவிடும். ரப்பர் காட்டின் செம்மண் சாலையில் பட்டறை எங்கே இருக்கும்? ஜாக்கியை வண்டியே சுமந்து வந்தது.

மட்கார்டைத் தாங்கும் கம்பி எப்படிச் சக்கரத்தைத் தூக்கும்? இதில்தான் அழகான வடிவியல் இருக்கிறது. அச்சிலிருந்து டயரின் வெளி விளிம்பு 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மட்கார்டு டயரில் உரசக்கூடாது. ஆகவே அது இன்னும் 3 செ.மீ. தள்ளி நிற்கும். கம்பி அச்சின் அருகிலிருந்து மட்கார்டை எட்ட வேண்டுமானால் அதன் நீளம் 35 செ.மீ. அதையே நேராகக் கீழே இறக்கினால் அச்சு தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் நிற்கும். டயர் எட்டுவது 32தான். மீதி 3 செ.மீ. காற்று! மட்கார்டு எப்போதும் டயருக்கு வெளியே இருப்பதால், அதைத் தாங்கும் கம்பி டயரின் ஆரத்தைவிட நீளமாகத்தான் இருக்க முடியும்.

சரி, சுமார் 170 கிலோ வண்டியின் முன்பக்கத்தை 3 செ.மீ. உயர்த்துவது யார்? நடுத்தாங்கி உள்ள வண்டி ஒரு சீசா போன்றது. நடுத்தாங்கிதான் ஆதாரப் புள்ளி. ஈர்ப்பு மையம் அதற்கு 10 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். எடை சுமார் 1700 நியூட்டன். திருப்புத்திறன் 1700 × 10 = 17,000 நியூட்டன் செ.மீ. பின்னால் 70 செ.மீ. தள்ளி இருக்கும் கேரியரை அழுத்தினால் தேவைப்படும் விசை 17,000 ÷ 70, அதாவது சுமார் 243 நியூட்டன். 24 கிலோ அரிசி மூட்டையின் எடைதான் இது. ஒருவர் பின்னால் அழுத்த, இன்னொருவர் கம்பியை இறக்கிவிடலாம்.

உங்கள் வீட்டுக் கப்சாயிலும் இதைப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்பக்கத்தை மெல்ல அழுத்துங்கள்.

கம்பியில் போல்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இன்னொரு சாட்சி. 12 மி.மீ. ஸ்பேனர் தொளதொளவென்று ஆடுகிறதா, 11 நுழையவே மாட்டேன் என்கிறதா? அப்படியானால் அது அங்குலக் கணக்கில் செய்த போல்ட்டாக இருக்கலாம். கால் அங்குல பிரிட்டிஷ் போல்ட் ஒரு வகையின் தலை அகலம் சுமார் 11.3 மி.மீ. பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், போல்ட் தலையின் அகலத்தை அல்ல, தண்டின் விட்டத்தைக் குறிக்கும். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த திருகு அளவு முறையிலிருந்து வந்த பழக்கம் அது.

கடைசியாக வளைவின் அடிப்பக்கம். அங்கே சரளைக்கல் கீறிய தேய்மானம் இருந்தால், அந்தக் கம்பி உண்மையாகவே சாலையோரத்தில் வேலை பார்த்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஈர மண்ணில் மெல்லிய குழாய் அமிழ்ந்துவிடும். 240 நியூட்டன் வெறும் 3 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 80 நியூட்டன். அடியில் 300 சதுர செ.மீ. பலகை வைத்தால் 0.8தான், நூறில் ஒரு பங்கு. பழைய துளையும் துருவும் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. தூக்கிய வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ரப்பர் காடுகள் பல செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. அந்தக் காடுகளில் ஓடிய வண்டிகளின் இரும்புக்கோ பெயர்ப் பலகை இல்லை. அடுத்த முறை பாட்டி வீட்டுப் பின்கட்டில் இப்படி ஒன்று கிடைத்தால், துருவைச் சுரண்டுமுன் படம் எடுங்கள். நீளம், அகலம், துளைகளின் விட்டம், தேய்ந்த இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாத்தாவிடம் காட்டிக் கேளுங்கள். அந்த வண்டியை ஓட்டியவர் யார் என்பதை அளவு நாடா சொல்லாது, அவர் சொல்லக்கூடும்.