பீத்தோவனின் பிறந்த நாள்

டிசம்பர் 16 ஆம் நாளைப் பீத்தோவனின் பிறந்த நாளெனக் கொண்டு, அவருடைய இசையில் நமக்குப் பிடித்ததை நண்பரோடு பகிர்ந்து மகிழ்கிறோம். ஆனால் அவர் பிறந்த நாளை எவரும் எழுதி வைக்கவில்லை! ஜெர்மனியின் பான் நகரில், புனித ரெமிஜியுஸ் ஆலயப் பதிவேட்டில், 1770 டிசம்பர் 17 இல் ஞானஸ்நானம் பெற்றார் என்ற குறிப்பே உள்ளது. பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுப்பது அக்கால வழக்கம்.

அவரோ தாம் பிறந்தது 1772 இல் என்றே நம்பினார். 1810 இல், மணம் புரிய எண்ணிய வேளையில், ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டிப் பால்ய நண்பர் வெகெலருக்கு எழுதினார். தமக்கு முன்னே அதே லுட்விக் என்னும் பெயரோடு பிறந்து, சில நாளில் இறந்த அண்ணனின் சான்றிதழை அனுப்பிவிடலாகாது என்றும் எச்சரித்தார். வந்த சான்றிதழில் 1770 என்றிருக்கவே, அது அண்ணனுடையதென்று ஒதுக்கினார். பாவம், அந்த அண்ணன் பிறந்ததும் இறந்ததும் 1769 இல்!